துரையின் மேப்பிள் பச்சையாகிக்கொண்டிருக்கிறது

இரங்கூன், மிங்கலா தாங்ஞுன்ட்,
அட்சய வருஷம் ஆவணி மாதம் 6ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை.

குன்னூர் துரைத் தோட்டத்தில் மேஸ்திரியாக விளங்கும் அத்தான் ரெங்கசாமி அவர்களுக்கு, மைத்துனன் செல்லக்கண்ணு அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் கமலாட்சியும் சுகம். அங்கே தாங்களும் அம்சவேணி அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஒன்பது வருஷமாக நமக்குள் கடிதப் போக்குவரத்து இல்லாததால் நம்பத்தான் முடிகிறதே தவிர, தெரிந்துகொள்ள வழியில்லை. அது யாருடைய தவறு என்று இந்தக் கடிதத்தில் நான் கிளறப் போவதில்லை. ஆயினும் 1917ஆம் வருஷம் உங்கள் மூத்த பிள்ளையின் காதுகுத்துக்கு நானும் கமலாட்சியும் கப்பல் ஏறி வந்திருந்தபோது, தந்தப் பிடி போட்ட என் குடையை, "மழை விட்டதும் தர்றேன் மாப்ளே" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனீர்கள். நீலகிரியில் மழை இன்னும் விடவில்லை போலிருக்கிறது. அந்த விஷயத்தை இத்துடன் விட்டுவிடுகிறேன்.

உங்களிடம் ஓர் உதவி கேட்கவே இதை எழுதுகிறேன். இருபத்தொரு வருஷ உத்தியோகத்தில் நான் யாரிடமும் உதவி கேட்டதில்லை. கேட்டிருந்தால் இந்நேரம் வேறு நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். இப்போது கேட்பதும் எனக்காக அல்ல, ஒரு செடிக்காக. இல்லை, எனக்காகவும்தான். முழுவதையும் எழுதினால்தான் உங்களுக்கு விளங்கும்.

எங்கள் அரிசிக் கம்பெனியில் சென்ற ஜனவரியில் தலைமைக் குமாஸ்தா பதவி காலியாயிற்று. அந்த நாற்காலிக்கு அடுத்த நாற்காலி என்னுடையது. எஃப்.ஏ. பரீட்சை தேறியவன் அந்த ஆபீசில் நான் ஒருவன்தான். திருத்தமே இல்லாமல் கடிதம் எழுதிக் கையெழுத்துக்கு வைப்பவனும் நான் ஒருவன்தான். எனக்கு அடுத்தவன் நல்லையா. மெட்ரிக்குலேஷனுக்கு இரண்டு தடவை உட்கார்ந்து இரண்டு தடவையும் எழுந்து வந்தவன். ஆனால் சிரிக்கத் தெரிந்தவன். துரை தும்மினாலும் "வெரி குட் சார்" என்று சொல்லக்கூடியவன். எனக்குச் சிரிக்க வராது. வந்த ஒன்றிரண்டு தடவையும் சமயம் தப்பி வந்தது. ஆகையால் மூன்று மாதமாக அந்த நாற்காலி காலியாகவே கிடந்தது. மேனேஜர் கார்ஸ்வெல் துரை ஒன்றும் சொல்லவில்லை. மார்ச் மாதம் அவர் ஏழு மாத லீவில் சீமைக்குப் புறப்படுவதற்கு முந்தின நாள் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "செல்லக்கண்ணு, இந்த ஆபீசில் எதையும் தொலைக்காத ஒரே மனிதன் நீதான். நான் திரும்பி வரும்வரை என் மேப்பிள் மரத்தை நீ வைத்துக் காப்பாற்று. மற்றதெல்லாம் தானாக நடக்கும்."

இருபத்தொரு வருஷத்துக்கு எனக்குக் கிடைத்த நற்சாட்சி அது. கோவில் வாசலில் செருப்புக்குக் காவல் இருப்பவனுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். இருந்தாலும் "மற்றதெல்லாம் தானாக நடக்கும்" என்ற வார்த்தையை நான் விடவில்லை. மரம் பிழைத்தால் பதவி, மரம் கெட்டால் நல்லையா என்று அதற்கு அர்த்தம் பண்ணிக்கொண்டேன். நீங்களும் அப்படித்தான் பண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

மறுநாள் துரையின் பட்லர் தஸ்தகீர் அந்த மரத்தைக் கைவண்டியில் வைத்து, குழந்தையைப் பிடித்துக்கொண்டு வருவது போலப் பிடித்துக்கொண்டு வந்தார். நாகூர்க்காரர், பெரிய மனிதர். நீல நிறப் பீங்கான் தொட்டியில் என் இடுப்பு உயர மரம். ஜப்பானில், யோகோஹாமாவில், ஒரு வயதான தோட்டக்காரர் கையிலிருந்து துரை வாங்கி வந்தது. துரைக்குக் குடும்பம் கிடையாது. காலையில் காப்பி குடிப்பதற்கு முன் இந்த மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவாராம். அத்தான், நீங்கள் குன்னூரில் மேப்பிள் பார்த்தவர். ஆனால் எல்லா மேப்பிளும் இப்படி இருக்காது என்று நினைக்கிறேன். ஒவ்வோர் இலையும் விரல் விரித்த சின்னக் கை. அந்தக் கையில் பச்சையும் வெள்ளையும் கலந்து, ஒரு விரல் பச்சை, ஒரு விரல் வெள்ளை, இளசாயிருந்தால் நுனியில் நகப்பூச்சு போல ரோஸ் நிறம். ஓர் இலை மாதிரி இன்னோர் இலை கிடையாது. கமலாட்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். "அய்யோ பாவம், வெண்குஷ்டம்" என்றாள். தஸ்தகீர் காதில் விழாதபடி நான் இருமினேன்.

தஸ்தகீர் மரத்தோடு ஓர் உறையையும் என் கையில் கொடுத்தார். "தொரை இதை உங்க கையிலேயே குடுக்கச் சொன்னாங்கய்யா. நான் நாளைக்குக் கப்பல் ஏறுறேன், ஊருக்கு" என்றார். உறைமேல் துரையின் கையெழுத்தில், "தலைமைக் குமாஸ்தாவுக்கு. அவசரம்" என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. கவனியுங்கள்: அந்தப் பதவியில் அன்று யாரும் இல்லை. 1914ஆம் வருஷம் 'ஸ்டோர் கீப்பர்' என்று விலாசமிட்ட ஓர் உறை தவறுதலாக என் மேஜைக்கு வந்து, நானும் அவசரத்தில் பிரித்துவிட்டேன். உள்ளே கயிறு எத்தனை உருண்டை இருக்கிறது என்று கேட்டு ஒரு வரி இருந்தது. அவ்வளவுதான். ஆனால் பிறர் கடிதத்தைப் பிரித்தான் என்று என் உத்தியோகப் புத்தகத்தில் கண்டனம் ஏறியது. பன்னிரண்டு வருஷமாகியும் அந்த வரி அங்கேயே இருக்கிறது. அப்படிப்பட்டவன் மறுபடியும் அந்தக் குழியில் விழுவேனா? உறையின்மேல் தேதி குறித்தேன், 'பெறுநர் இல்லை' என்று பென்சிலில் எழுதினேன், வீட்டுத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். என்றைக்காவது அந்த நாற்காலியில் உட்கார்கிறவர் வந்து கேட்டால் முத்திரை குலையாமல் கொடுக்கலாம். அவர் நல்லையாவாகவே இருந்தாலும் கொடுப்பேன். அதுதான் என் குணம்.

இனிமேல்தான் துன்பம். சித்திரை வெயிலில் மரம் வாடியது. இலை ஓரமெல்லாம் அப்பளம் போல் கருகியது. ஜப்பான் குளிர்ந்த தேசம் என்று எனக்குத் தெரியும். பூகோளத்தில் முதல் மார்க்கு வாங்கியவன். ஆகவே ஐஸ் ஃபாக்டரிக்குப் போய், மரத்தூளில் சுற்றிய ஒரு பாளம் வாங்கி, ரிக்ஷாவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வந்து சேர்வதற்குள் வேஷ்டி நனைந்து, தெருவில் பார்த்தவர்களெல்லாம் வேறு விதமாக நினைத்துக்கொண்டார்கள். பாளத்தைத் தொட்டியில் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போய்த் திரும்பினால், வீட்டில் கமலாட்சியும் அக்கம்பக்கத்தாரும் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். "பாதி செடிக்கு, பாதி மனுஷங்களுக்கு" என்றாள் கமலாட்சி. "அதுக்கும் சளி புடிக்குமில்ல?" அன்று மாலையே பதினோர் இலை உதிர்ந்தது. பிறகு நல்லையாவின் கண்பட்டிருக்கும் என்று அவள் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் வெடித்தது. நாங்கள் இருமினோம். மரம் சும்மா இருந்தது.

பக்கத்து வீட்டு டோ செயின் பர்மாக்காரி, நல்ல அம்மாள், விதவை. எங்கள் பாஷையைத் தன் இஷ்டத்துக்குப் பேசுவாள்; என்னைக் கூப்பிடுவது மட்டும் 'சயா', அதாவது ஐயா, என்று. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள் ஒரு நாள், "சயா, வெயில் மூஞ்சி எரிது. நாங்க மூஞ்சிக்குத் தனக்கா போடுது. இதுக்கும் மூஞ்சிதானே?" என்றாள். பர்மாப் பெண்கள் கன்னத்தில் பூசுகிற அந்தச் சந்தன நிறக் குழம்பைக் கட்டையில் இழைத்து ஒரு கிண்ணம் கொடுத்தும் விட்டாள். எஃப்.ஏ. தேறியவன் செய்யக் கூடாத காரியம்தான். ஆனால் மரம் என் கண்முன் கருகுகிறது. நானும் கமலாட்சியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து, ஒவ்வோர் இலைக்கும் மெல்லிசாகத் தனக்கா பூசினோம். அன்றைக்கென்றே வந்து நின்றான் நல்லையா. "சும்மா இந்தப் பக்கம் வந்தேண்ணே" என்றான். மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம் எவனும் சும்மா வர மாட்டான், ரயில் பிடிக்க வந்தாலொழிய. மரத்தைப் பார்த்தான். "அடேங்கப்பா! தொரை வீட்டுல இருந்தப்போகூட இவ்வளவு வெள்ளை இல்லையேண்ணே. கை ராசிங்கிறது இதுதான்" என்றான். எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. உண்மையைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இந்த வருஷத்தின் முதல் மழை அந்த நிமிஷத்தில் வந்தது, அத்தான். தகரக் கூரையில் கொட்டு மேளம். வெள்ளையெல்லாம் கரைந்து, கிளை வழியாக இறங்கி, தொட்டி வழியாக வழிந்து, நல்லையாவின் புது பூட்ஸ்மேல் போய் நின்றது. அவன் குனிந்தான். ஒரு விரலால் தொட்டு மோந்து பார்த்தான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆபீசில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதைவிடப் பெரிய அவமானம், கார்ஸ்வெல் துரைக்குப் பதிலாக வந்திருக்கிற ஆக்டிங் துரையும் என்னைக் கேலி செய்ய ஆரம்பித்திருப்பது. வாரத்துக்கு ஒரு தடவையாவது என் மேஜைப் பக்கம் வந்து, காலி நாற்காலியைக் காட்டி, "தலைமைக் குமாஸ்தா எப்போது உட்காரப் போகிறார்?" என்று என்னையே பார்த்துச் சிரிக்கிறார். "அப்படி ஒரு உத்தியோகஸ்தர் இங்கே இல்லை, சார்" என்று விறைப்பாகப் பதில் சொல்கிறேன். தோளைக் குலுக்கிவிட்டுப் போகிறார். வெள்ளைக்காரனுக்கும் இவ்வளவு குரூரம் இருக்குமா என்று வீட்டுக்கு வந்து கமலாட்சியிடம் சொல்லிக் குமைவேன்.

மழை பிடித்த பிறகு மரம் தேறியது. புது இலை விட்டது. நான் நிம்மதிப்பட்டது இரண்டு வாரம்தான். மழையில் மரம் பிழைத்தது உண்மை. ஆனால் வண்ணம் போக ஆரம்பித்தது. இதை நீங்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, நான் குறித்து வைத்தபடியே எழுதுகிறேன். வைகாசிக் கடைசியில் வந்த இலையில் ஐந்து விரலில் மூன்று விரல் வெள்ளை. ஆனி பிறந்தபின் வந்த இலையில் வெள்ளை ஓரத்துக்கு ஒதுங்கி, வேஷ்டிக் கரை மாதிரி நின்றது. அதற்கடுத்த இலையில் அந்தக் கரை நூலாயிற்று. அதற்கடுத்ததில் நுனியில் நொய்யரிசி அளவு ஒரு புள்ளி. அதற்கடுத்ததில் ஒன்றும் இல்லை. பச்சை. சுத்தமான, வெட்கமில்லாத பச்சை. பழைய இலைகள் அப்படியே இருக்கின்றன, வண்ணத்தோடு. அவற்றை யாரும் மாற்றவில்லை. வருகிறவை மட்டும் இனிமேல் பச்சை என்று எங்கோ தீர்மானமாகியிருக்கிறது. எங்கே என்றுதான் எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஆபீசில் பென்சில் மாற்ற வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து வேண்டும். இங்கே ஒரு சர்க்குலர் இல்லை, ஒரு ஞாபகக் குறிப்பு இல்லை, கிளைக்குக் கிளை சொல்லி அனுப்பியதாகவும் தெரியவில்லை.

நான் பதறினேன். நிழலில் வைத்தேன், வெயிலுக்கு நகர்த்தினேன், தேயிலைத் தண்ணீர் ஊற்றினேன். கமலாட்சி மட்டும் குதூகலமாக இருந்தாள். "நீங்க என்னமோ கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சுங்கிறீங்க. அது தேறிக்கிட்டு வருது. நோய்தானே போவுது? அந்தத் தொரைகிட்டச் சொல்லி நமக்கு ஒரு புடவை வாங்கிக் குடுங்க" என்றாள். அவளுக்குத் தாவர சாஸ்திரம் தெரியாது. அவள் வீட்டில் எல்லாருமே அப்படித்தான்.

ஆடி மாதம் பதினாறாம் தேதி நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. பதினோரு நாள் விடாத மழை. ரயில் பாதை ஓரத்துச் சாக்கடை எங்கள் வாசற்படி வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. அன்று காலை கொஞ்சம் விட்டது. நான் ஆபீஸ் உடுப்போடு, போகிற போக்கில் மரத்தைப் பார்க்கக் கொல்லைப் பக்கம் போனேன். அடிமரத்தில், மண்ணுக்கு நாலு விரல் மேலே, ஒரு தளிர் புறப்பட்டு என் முழங்கை நீளம் நிமிர்ந்து நிற்கிறது. பதினோரு நாளைக்கு முன் அது இல்லை. நான் எண்ணிப் பார்க்கிறவன், எனக்குத் தெரியும். மேலே உள்ள வண்ணக் கிளைகள் இரண்டு வருஷத்தில் ஒரு சாண் வளர்ந்தால் அதிகம் என்று தஸ்தகீர் சொல்லியிருக்கிறார். இது பதினோரு நாளில் ஒரு முழம். ஜோடி ஜோடியாக இலை, ஒன்றிலும் வெள்ளை இல்லை. அந்தச் சமயம் மேகம் விலகி, குருத்வாரா இருக்கிற திசையிலிருந்து வெயில் சாய்வாக வந்தது. அந்த இலைகள் அத்தனையும் உள்ளிருந்து விளக்கேற்றிய மாதிரி ஆயின. விரல் விரித்த முப்பது நாற்பது பச்சைக் கைகள். ஒவ்வொன்றிலும் ரேகை தெரிகிறது. ஒவ்வொரு ரேகையிலும் வெளிச்சம் ஓடுகிறது. நான் குடையைப் பிடித்தபடி நின்றேன். (பருத்தித் துணிக் குடை, நல்ல குடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.) எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நல்லையா ஞாபகம் இல்லை, நாற்காலி ஞாபகம் இல்லை. உங்கள் ஞாபகம்கூட இல்லை. நாற்பத்தேழு வயதில் முதன்முறையாக யார் மேலும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லாத கால் மணி நேரம் அது. பிறகுதான் கணக்கிட்டேன்: எந்த முன்னோரின் எந்த நாளிலிருந்தோ இதன் இனத்தை வெளுப்பாக வளர்த்திருக்கிறார்கள், பார்க்க அழகாயிருக்கிறது என்பதற்காக. கிளையிலிருந்து கிளை, தொட்டியிலிருந்து தொட்டி. கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். அத்தனைக்கும் அது ஒத்துக்கொண்டு வந்திருக்கிறது. ஆனாலும் அடியில் எங்கோ தன் பச்சையை வைத்திருந்திருக்கிறது. எங்கே வைத்திருந்தது, அத்தான்?

ஏழு ஐம்பது டிராம் போய்விட்டது. அதற்கடுத்ததும் போய்விட்டது. உத்தியோகத்தில் முதல் தடவையாக என் பெயருக்கு எதிரே சிவப்பு மை. நல்லையா, "உடம்புக்கு என்னண்ணே?" என்று கேட்டான். "ஒன்றுமில்லை, மரம் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன். அவன் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக மறுநாள் ஆபீஸ் முழுதும் பேச்சு.

இப்போது நிலவரம் இது: அந்த அடித்தளிர் என் மார்பு உயரம். மேலே ஒரே ஒரு கிளையில்தான் பழைய வண்ணம். மற்றதெல்லாம் பச்சை. கார்ஸ்வெல் துரை அக்டோபர் மத்தியில் வந்து இறங்குகிறார். பச்சை மரத்தைக் கொண்டுபோய் அவர் முன் வைத்தால், இருபத்தொரு வருஷமாக ஒன்றையும் தொலைக்காதவன் ஒரு மரத்தின் நிறத்தைத் தொலைத்துவிட்டான் என்றுதான் ஆகும். நாற்காலி நல்லையாவுக்குப் போகும். அவனிடம் நான், "ஆகட்டும் சார்" என்று சொல்லி வாழ வேண்டும். அந்த வாழ்வு எனக்கு வேண்டாம்.

ஆகவே கேட்கிறேன். உங்கள் தோட்டத்தில் ஜப்பான் மேப்பிள் வரிசையாக நிற்பதாக அக்கா எப்போதோ கமலாட்சிக்கு எழுதியிருந்தாள். வெள்ளையும் பச்சையும் கலந்தது ஒன்று, இடுப்பு உயரத்தில், பிரப்பங்கூடையில் வைத்து, செப்டம்பர் கடைசியில் சென்னையிலிருந்து புறப்படும் கப்பலில் அனுப்ப வேண்டும். நீலத் தொட்டியில் மாற்றி வைத்துவிடுவேன். துரைக்கு வித்தியாசம் தெரியாது. தெரியாது என்று நம்புகிறேன். இது ஏமாற்று என்று நீங்கள் சொல்லலாம். குடை விஷயத்தில் நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

இன்னொன்று. நீங்கள் செடி அனுப்பினால், இந்தப் பச்சை மரத்தை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டியிலிருந்து பிடுங்கி எறிய என் கை வராது. கமலாட்சி வேலியோரம் குழி தோண்டி வைத்திருக்கிறாள், யாரைக் கேட்டுத் தோண்டினாள் என்று தெரியாது. இத்துடன் ஓர் இலை வைத்திருக்கிறேன். நடு நரம்பு வரைக்கும் ஒரு பாதி வெள்ளை, மறு பாதி பச்சை, கோடு போட்டுப் பிரித்த மாதிரி. மரம் தீர்மானம் செய்த அன்றைக்கு வந்த இலையாக இருக்கும். மடங்காமல் வந்து சேர்ந்தால், அது எப்படி நடக்கிறதென்று ஒரு வரி எழுதுங்கள். செடி அனுப்ப முடியாவிட்டாலும் அதையாவது எழுதுங்கள்.

அம்சவேணி அக்காவுக்கு என் நமஸ்காரம். காது குத்திக்கொண்ட பிள்ளை இப்போது என் தோள் உயரம் வளர்ந்திருப்பான். அவனுக்கு என் ஆசீர்வாதம். குன்னூர்க் குளிரில் எல்லாரும் கழுத்தைச் சுற்றிக் கம்பளி கட்டிக்கொள்ளவும். கமலாட்சியும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் மீது இன்றளவும் மரியாதை குறையாத மைத்துனன்,
செல்லக்கண்ணு.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பெரும்பகுதியைத் தள்ளிவிடவும். உறையை ஒட்டும் சமயத்தில் தஸ்தகீர் வந்து நின்றார், நாகூரிலிருந்து நேற்று வந்து இறங்கினாராம், கையில் தர்கா சர்க்கரைப் பொட்டலம். மரத்தைப் பார்த்தவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பச்சை வந்தா அன்னைக்கே வெட்டணும்னு தொரை எழுதியிருந்தாங்களே, ஐயா படிக்கலியா?" என்றார். "எதில் எழுதியிருந்தார்?" என்றேன். "நான் குடுத்தேனே, அந்தக் கவர்ல." "அது தலைமைக் குமாஸ்தாவுக்கு." தஸ்தகீர் சர்க்கரைப் பொட்டலத்தைக் கீழே வைத்தார். "அல்லாவே, நீங்கதானேய்யா அது! தொரை பங்களாவுல தோட்டி வரைக்கும் எல்லாருக்கும் தெரியுமே! ஆக்டிங் தொரைகிட்டயும் சொல்லிட்டுத்தானே போனாங்க!" என்றார்.

பெட்டியைத் திறந்தோம். துரை எழுதியிருந்தது: "செல்லக்கண்ணு, நாளை முதல் அந்த நாற்காலியில் உட்கார். உத்தரவுக் காகிதத்தை லண்டனிலிருந்து நானே கொண்டு வருகிறேன். உன் புதிய பதவியை முதலில் எழுதுகிற சந்தோஷம் எனக்கு வேண்டும் என்றுதான் உறையில் பெயரை எழுதவில்லை." ஐந்து மாதமாக எங்கள் அரிசிக் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தா தன் நாற்காலியைத் தானே காவல் காத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஆக்டிங் துரை கேலி செய்யவில்லை. கேள்விதான் கேட்டிருக்கிறார். பாவம்.

கடிதத்தின் கீழ்ப் பாதி மரத்தைப் பற்றி: "முழுப் பச்சைத் தளிர் எது வந்தாலும் அடியோடு வெட்டு. விட்டால் அது பலமாகி மரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். தாமதமானாலும், வண்ணக் கிளை ஒன்று மிஞ்சியிருந்தால் போதும், பச்சையை வெட்டிவிட்டால் பிழைக்கும்." உத்தரவு தெளிவாக இருக்கிறது. நானும் கத்தரியை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். மழைத் துளி சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தளிர் என் மார்பு உயரத்தில் நிற்கிறது, எனக்குச் சமமாக. கமலாட்சி பின்னாலேயே வந்து, "வெட்டுங்களேன். உத்தரவுதான் வந்திருக்கே. ஆனா ராத்திரிச் சோறு மட்டும் என்னைக் கேக்காதீங்க" என்றாள். தஸ்தகீர் வானத்தைப் பார்த்தார். வெட்டாமலேயே திரும்பி வந்து, துரையின் கடிதத்தின் ஓரத்தில் எழுதினேன்: "தாமதமாகப் பெறப்பட்டது. பார்த்தேன். கோப்பில் வைக்கவும்." கீழே கையெழுத்து: செல்லக்கண்ணு, தலைமைக் குமாஸ்தா. அந்தப் பதவியில் நான் போட்ட முதல் கையெழுத்து அது. துரை வந்து அதைக் கடைசிக் கையெழுத்தாக ஆக்கினாலும் ஆக்கட்டும்.

ஆகவே செடி அனுப்ப வேண்டாம். கமலாட்சி மல்லிகையைப் பதியம் போடுவது போல, அந்த ஒரு வண்ணக் கிளையைப் பதியம் போட்டு வேர் பிடிக்க வைக்க முடியுமா என்று உடனே எழுதுங்கள். முடியுமானால், நீலத் தொட்டியில் வண்ணக் கிளை துரைக்கு; வேலியோரக் குழியில் பச்சை மரம் எங்களுக்கு. துரையிடம் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவேன். ஒரு காலைப்பொழுது அவரும் வந்து, வெயில் சாய்வாக விழும்போது அதைப் பார்க்கட்டும்.

இன்னொரு சங்கதி. உறையைத் தேடிப் பெட்டியைக் கவிழ்த்தபோது, அடியில் கறுப்புத் துணி சுற்றி, மூலைக்கு மூலையாக ஒரு தந்தப் பிடி. கமலாட்சியைக் கேட்டேன். "உங்க அத்தான் அன்னைக்கே நம்மளைக் கப்பல் ஏத்தும்போது என் கையில குடுத்தாரு. நீங்க அவர் மூஞ்சியையே பாக்கல" என்றாள். ஒன்பது வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க அவரைத் திட்டினீங்க. குடைக்காகத் திட்டுறீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அந்தக் குடை இப்போது பச்சைத் தளிருக்குப் பக்கத்தில் மூங்கிலில் கட்டி நிற்கிறது, மழை அடித்துக் கொழுந்து முறியாதபடி. இதை அக்காவிடம் சொல்ல வேண்டாம். உங்கள் மேல் எனக்கு வேறு காரணங்களும் இருக்கின்றன. அவை அப்படியே இருக்கட்டும்.